எரு போட்டுப் பூவைக் கெடுத்தேன்

எங்க வீட்டுக்குப் பின்னால ஏழு சென்ட் இடத்தில் காய்கறித் தோட்டம் இருக்கு. மூணு வருசத்துக்கு முன்னாடி பூசணிக்கொடி வேலி முழுக்கப் படர்ந்து கிடந்தது. காய்தான் இல்லை. பெண்பூ மலரும், அடியில் கோலிக்குண்டு மாதிரி பிஞ்சு தெரியும், மூணாம் நாள் மஞ்சளாகி விழுந்திடும். சாம்பல் போட்டேன், பஞ்சகவ்யா தெளிச்சேன். விழுறது நிக்கலை. கடைசியா ஒருநாள் விடியக்காலையில் ஆண்பூவைப் பறிச்சு, இதழை உரிச்சுட்டு, பெண்பூ நடுவில் தடவி விட்டேன். தடவின பூவெல்லாம் காய்ச்சது, தடவாததெல்லாம் உதிர்ந்தது. அப்பத்தான் உறைச்சது. குறை மண்ணில் இல்லை, தேனீ வராததுதான் குறை.

ஏன் வரும்? பூசணி பூக்கிறது கொஞ்ச நாள். மிச்ச நாளெல்லாம் தேனீ எதைத் தின்னும்? ஒரு பூண்டு விடாம செதுக்கி, தோட்டத்தைத் துடைச்ச திண்ணை மாதிரி வைச்சிருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேற. வேலியோரம் தாத்தாப்பூ நிறைய இருக்கும். வெட்டுக்காயப்பூண்டுன்னும் சொல்வாங்க. பிள்ளைங்க தலையைச் சுண்டி விளையாடுமே, அதே செடிதான். அதையும் விட்டு வைக்கலை.

அந்த வருசம்தான் பூச்செடி போடலாம்னு முடிவு பண்ணினேன். வீட்டில் எல்லாரும் சிரிச்சாங்க. "சோத்துக்கு வெள்ளாமை வைடான்னா பூவுக்கு வைக்கிறான்" என்றார் எங்க பெரியம்மா.

என்ன பூ போடுறதுன்னு தேடினப்போ ஒரு விசயம் புரிஞ்சது. சாமந்தி, சூரியகாந்தி, தாத்தாப்பூ, கரிசலாங்கண்ணி எல்லாம் ஒரே குடும்பம். இதில் ஒரு பூன்னு நாம நினைக்கிறது ஒரு பூவே இல்லை. நடுவில் இருக்கிற மஞ்சள் வட்டத்தைக் கிள்ளிப் பாருங்க. குழாய் மாதிரி சின்னச்சின்னதா பத்துக்கணக்கில் பூக்கள் நெருக்கிக்கிட்டு நிக்கும். ஒவ்வொண்ணிலயும் துளி தேனும் மகரந்தமும் உண்டு. சுத்தி இருக்கிற இதழ்கள் பூச்சியைக் கூப்பிடுற விளம்பரப் பலகைதான். நடுவட்டத்துப் பூக்கள் ஓரத்திலிருந்து உள்ளே பார்த்து ஒவ்வொரு வரிசையா மலரும். அதனால ஒரு தலை பல நாளைக்குச் சோறு போடும். வாய் குட்டையா இருக்கிற கொசுத்தேனீ, அசுவினியைத் தின்னும் பொறிவண்டு, புழுவின் உடம்பில் முட்டையிடும் சின்னக் குளவி எல்லாத்துக்கும் இந்தத் திறந்த தட்டு வசதி.

விதை வாங்குறப்போ இதை மறந்துடாதீங்க. கடையில் அடுக்கடுக்கா இதழ் வைச்ச பூவோட படம்தான் பெரிசா போட்டிருப்பாங்க. அடுக்குப் பூவில் நடுவட்டத்துக் குழாய்ப் பூக்கள் பெரும்பாலும் இதழா மாறிப்போயிருக்கும். மாலைக்கு அழகு, தேனீக்குப் பட்டினி. நமக்கு வேண்டியது ஒற்றையடுக்கு.

நான் எடுத்தது ரெண்டு. ஒண்ணு ஆரஞ்சு நிறக் காஸ்மோஸ், மெக்சிகோ பக்கத்துச் செடி. இன்னொண்ணு கேலார்டியா, சிவப்பு இதழில் மஞ்சள் ஓரம் வைச்சது. அமெரிக்காவின் தென்பகுதியிலும் மெக்சிகோவிலும் மணலிலும் ரோட்டோரத்திலும் தானா வளர்ற காட்டுப்பூ. ஒக்லஹோமா மாநிலம் 1986ல் இதைத் தன் மாநிலக் காட்டுப்பூன்னே அறிவிச்சது. வெயிலும் வறட்சியும் தாங்கும்.

முதல் தடவை அவரை விதை ஊன்றுற மாதிரி விரலால் குழி போட்டுப் புதைச்சேன். காஸ்மோஸ் நாலஞ்சு வந்தது. கேலார்டியா ஒண்ணுகூட வரலை. அந்த விதைக்கு வெளிச்சம் பட்டாத்தான் நல்லா முளைக்கும்னு பிறகுதான் தெரிஞ்சது.

ரெண்டாவது தடவை செஞ்சதுதான் பெரிய தப்பு. காய்கறிக்குச் செய்ற கவனிப்பு எல்லாத்தையும் செஞ்சேன். பாத்திக்கு ரெண்டு கூடை மட்கின எரு, பதினஞ்சு நாளைக்கு ஒருமுறை ஜீவாமிர்தம், தினம் தண்ணி. காஸ்மோஸ் என் தலைக்கு மேல போயிடுச்சு. இலைன்னா இலை, அப்படி ஒரு இலை. பூ மட்டும் எண்ணி ஏழெட்டு. ஐப்பசி மழையில் மொத்தமும் சாய்ஞ்சு கத்தரிச்செடி மேல படுத்துக்கிச்சு. அதே நேரம் கிணத்து மேட்டுச் சரளையில், பாத்தியைக் கூட்டிக் கொட்டின குப்பையிலிருந்து விழுந்த விதை, முழங்கால் உயரத்தில் நின்னு பூத்துக் குலுங்கினது. அதுக்கு யாரும் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தலை.

கீரைக்கும் கத்தரிக்கும் போடுற தீனி இதுக்கு ஆகாது. தழைச்சத்து மிஞ்சினா செடி இலை விட்டுக்கிட்டே இருக்கும், பூக்கிறதைத் தள்ளிப்போடும். எரு போட்டுப் பழகின கைக்குச் சும்மா இருக்கிறதுதான் கஷ்டம். எனக்கு ஒரு வருசம் ஆச்சு.

இப்ப நான் செய்றதைச் சொல்றேன். தோட்டத்திலேயே இளைச்ச இடம், வேலியோரமோ வாய்க்கால் மேடோ, ஆறு மணி நேரமாவது வெயில் விழணும். தண்ணி தேங்கக் கூடாது. லேசா கொத்தி, கட்டி உடைச்சு, நனைச்சு விடுவேன். முளைச்சு வர்ற களையை ஒரு வாரத்தில் சுரண்டிட்டு அப்புறம் விதைப்பேன். ஒரு பங்கு விதைக்கு அஞ்சு பங்கு உலர்ந்த மணல் கலந்தால் சீராத் தூவலாம். காஸ்மோஸ் மேல கால் அங்குலம் மண் போதும். கேலார்டியாவைத் தூவிட்டு உள்ளங்கையாலோ பலகையாலோ அழுத்தி விட்டா போதும், மூடக் கூடாது. தண்ணி பூவாளியில்தான். குடத்தைக் கவிழ்த்தா விதையெல்லாம் ஒரு மூலைக்குப் போயிடும். எறும்பு இழுக்காம இருக்கப் பாத்தியைச் சுத்திச் சாம்பல் போடுங்க. காஸ்மோஸ் ஒரு வாரத்துக்குள்ள முளைக்கும், கேலார்டியாவுக்கு ரெண்டு வாரம் வரை பொறுமை வேணும். நாலு இலை வந்ததும் ஒரு அடிக்கு ஒண்ணுன்னு கலைச்சு விட்டுடுவேன். அதுக்கப்புறம் வாடினாத்தான் தண்ணி.

பருவம்னா ஆடிக் கடைசியில் ஒண்ணு, தையில் ஒண்ணு. அடைமழைக்கு நேர் முன்னாடி தூவாதீங்க, விதை அடிச்சிக்கிட்டுப் போயிடும்.

இனி சொல்லப் போறதைக் கொஞ்சம் கவனமா படிங்க. மூணாவது வருசம் பாத்தியில் நாற்று அடர்த்தியா வந்தது. கீறல் கீறலா இலை, பச்சைப்பசேல்னு இருந்தது. காஸ்மோஸ்னு நினைச்சுக் களை எடுக்காம விட்டேன். வெள்ளை வெள்ளையா பொடிப்பூ வந்தப்பத்தான் அதில் பாதி பார்த்தீனியம்னு தெரிஞ்சது. அதுவும் இதே குடும்பந்தான். 1950களில் புனே பக்கம் பரவினது கண்ணுக்குப் பட்ட செடி, இன்னிக்கு நம்ம ஊர் தெரு வரைக்கும் வந்திருக்கு. அம்மா வெறுங்கையால் பிடுங்கிப் போட்டாங்க. ராத்திரியே முழங்கை வரைக்கும் தடிச்சு அரிப்பு. ரெண்டு வாரம் அவங்க சரியாத் தூங்கலை. செடியைத் தெரியாம வளர்த்தது நான், அனுபவிச்சது அவங்க.

ரெண்டையும் பிரிச்சறிய எளிய வழி இருக்கு. காஸ்மோஸ் நாற்றில் இலைகள் எதிரெதிரா ஜோடி ஜோடியா வரும், தண்டு சீக்கிரம் மேல எழும். பார்த்தீனியம் முதலில் முள்ளங்கி மாதிரி தரையோடு வட்டமாப் படுத்து இலை விடும், பிறகு தண்டு எழும்பினதும் இலை ஒண்ணுவிட்டு ஒண்ணா மாறி மாறி வரும். கேலார்டியாவும் தரையோடுதான் தொடங்கும், ஆனா அதன் இளம் இலை அவ்வளவு நுணுக்கமாக் கிழிஞ்சிருக்காது. இப்ப நான் கொஞ்சம் விதையைத் தனியா ஒரு தொட்டியில் போட்டு வைக்கிறேன். பாத்தியில் சந்தேகம் வந்தா தொட்டி நாற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பார்த்தீனியத்தைப் பூக்கிறதுக்கு முன்னாடி, கையில் உறை போட்டுக்கிட்டு, வேரோடு பிடுங்குங்க. கேலார்டியாவின் சாறும் சிலருக்கு அரிக்கும், அதையும் மனசில் வைங்க.

விதை எடுக்கிறது சுலபம். காஸ்மோஸ் தலை காய்ஞ்சதும் ஊசி ஊசியா விரிஞ்சு நிக்கும். கேலார்டியா இதழ் உதிர்ந்து சாம்பல் நிறப் பந்தா மாறும். பனி உலர்ந்த பிறகு பறிச்சு, நிழலில் ஒரு வாரம் காயவைச்சு, துணிப்பையில் வசம்புத்துண்டோடு கட்டி வைக்கலாம். விதைக்கிறதுக்கு முன்னாடி இருபது விதையை ஈரத்துணியில் சுத்திப் பாருங்க. பத்துக்குக் கீழே முளைச்சா கூடுதலாத் தூவணும்.

தாத்தாப்பூவுக்கு இந்த வேலை எதுவும் வேண்டாம். வேலியோரம் செதுக்காம விட்டாலே போதும். அதுவும் ஒருகாலத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த செடிதான், நம்ம வண்ணத்துப்பூச்சிகள் அதைப் பத்திக் கவலைப்படுறதில்லை.

போன வருசம் பூசணிக்கு நான் கை வைக்கலை. முப்பத்தோரு காய் இறங்கினது. பூவினாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், மழையும் அந்த வருசம் நல்லா இருந்தது. ஆனா காலையில் பூசணிப்பூவுக்குள்ள தேனீ உருள்றதை அம்மாதான் முதலில் பார்த்துக் கூப்பிட்டாங்க.

காஸ்மோஸ் விதை தானா உதிர்ந்து சீக்கிரம் பரவும். அதனால வீட்டு வேலிக்குள்ளேயே வைச்சுக்கங்க, முத்தின தலையைக் கிள்ளிடுங்க. ஏரிக்கரை, மேய்ச்சல் புறம்போக்கு, காட்டோரம் இங்கெல்லாம் இதைத் தூவவே தூவாதீங்க. அங்க ஆவாரையும் தும்பையும் ஏற்கெனவே பூத்துக்கிட்டிருக்கு.