வானொலியும் தம்மமும்
(சித்தூர், திருப்பதி உபாசகர்களுக்குரிய பாடம்)

பகவன் புத்தர் இசிபதன மான்வனத்தில் முதற் போதனையை அருளி, மழைக்காலம் கழிந்த வேளையில், அவர்தம் சங்கத்தில் அறுபது அருகத்துகள் இருந்தனர். அவர்களை அழைத்து, பலருடைய நலத்திற்காகவும் பலருடைய இன்பத்திற்காகவும் ஊர்தோறும் செல்லுமாறும், இருவர் ஒரே வழியிற் செல்லாதிருக்குமாறும் பணித்தார் என்று விநய பிடகத்து மகாவக்கம் கூறும். இந்திய அரசின் ஆகாசவாணி தன் குறிக்கோளாக ஏற்றிருக்கும் வடமொழித் தொடர் இப்போதனையின் சொற்களேயாகும். வானொலி கேட்போருள் இதனை அறிந்தவர் மிகச் சிலரே. அது நிற்க. அப்பணியை இன்று வானொலி வாயிலாகவே செய்ய முடியுமா, முடியுமாயின் எவ்வாறு செய்வது என்பதே இப்பாடத்திற் கருதப்படும் பொருள்.

சித்தூர் மாவட்டம் 1911-இல் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் ஆகிய இடங்களில் தமிழ் பேசுவோர் பலர் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டனர். 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கு அப்பால் அணித்தே இருப்பது கோலார் தங்கவயல். இவ்வட்டாரங்களிலிருந்து சுரங்கத்திற்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர் நடுவே பண்டிதர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கம் வேரூன்றியதை நாம் அறிவோம். 1907 ஜூன் 19-இல் பண்டிதர் தொடங்கிய நான்கு பக்க வார இதழுக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். விலையையே பெயராக வைத்ததன் கருத்து யாதெனின், இது ஏழையின் கைக்கு எட்டும் என்பதே. வாசகர் வினாவை விடுத்தனர். பண்டிதர் விடை கூறினார். எழுத்தறியாதாருக்கு எழுத்தறிந்தார் படித்துக் காட்டிய காலம் அது. பண்டிதருக்குப் பின் 1926 முதல் அவ்விதழ் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. ஆகலின், வானொலி நமக்குப் புதிய துறையென்று அஞ்சவேண்டுவதில்லை. கருவி புதிது, தொழில் பழையது.

இனி, 'ஆன்மிகமும் சமூக நீதியும்' என்று நிகழ்ச்சிக்குப் பெயர் சூட்ட விழைவோர் சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். ஆன்மிகம் என்னும் சொல் ஆன்மா என்பதிலிருந்து வந்தது. உடலின் வேறாய், மாறாததாய் ஓர் ஆன்மா உண்டென்று கொண்டால், அதற்கென ஒரு வாழ்வும் உடலுக்கென வேறொரு வாழ்வும் உண்டாகும். அப்பொழுது பசியும் தீண்டாமையும் உடலைச் சேர்ந்த சிறு காரியங்களாய்ப் போய், கடைத்தேற்றம் வேறெங்கோ நிகழ்வதாய் விடும். பகவன் போதித்ததோ அநாத்மம். மனமும் உடலும் செயலும் சார்ந்து தோன்றுவன. ஒருவனுடைய வெகுளி மற்றொருவனுடைய துக்கமாகிறது. இங்ஙனமாயின், தியானத்தைப் பற்றி ஒரு நாளும் கூலியைப் பற்றி வேறொரு நாளும் பேசுவதாக நிகழ்ச்சியை இரு கூறாக்குதற்கு நம் தம்மத்தில் இடமில்லை. பெயர் எளிதாய் இருத்தல் வேண்டுமெனில் 'அறவாழ்வு' என்று வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு வானொலியிலேயே முன்னோடி உண்டு. அண்ணல் அம்பேத்கார் 1954 அக்டோபர் 3-ஆம் நாள் அகில இந்திய வானொலியில் தம் வாழ்க்கைத் தத்துவம் பற்றி உரையாற்றினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்றையும் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து பெறவில்லை என்றும், தம் ஆசானாகிய புத்தரின் போதனையிலிருந்து பெற்றதாகவும் அதிற் கூறினார். நாகபுரியில் தீட்சை பெறுவதற்கு இரண்டாண்டுகள் முன்னரே நிகழ்ந்தது இது. 1956 மே மாதத்தில் தாம் பௌத்தத்தை விரும்புவதன் காரணம் பற்றி பிபிசி வானொலியிலும் பேசினார். சமயமும் அரசியலமைப்பும் ஒரே மூச்சில் ஒலித்த அச்சிற்றுரைகளை, நிகழ்ச்சி நடத்தப் புகுவோர் முதலிற் பயிலுதல் நன்று.

சட்டம் இடங்கொடுக்குமா என்று சிலர் ஐயுறுவர். வான் அலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9-இல் தீர்ப்பளித்தது. கல்வி நிலையங்களுக்குச் சமுதாய வானொலி நடத்தும் உரிமை 2002-இன் இறுதியில் கிடைத்தது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் நிலையம் 2004 பிப்ரவரி முதல் நாள் தொடங்கிற்று. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. இலாபம் கருதாத, பதிவு பெற்ற, குறைந்தது மூன்றாண்டுகள் அவ்வட்டார மக்களுக்குத் தொண்டு செய்த சங்கம் விண்ணப்பிக்கலாம். தனி மனிதரும் அரசியற் கட்சிகளும் விண்ணப்பிக்க இயலாது. நிகழ்ச்சிகளிற் பாதியேனும் அவ்வூர் மக்களின் பங்கோடு உருவாதல் வேண்டும். வழிபாடு மட்டும் நடத்தி வந்த சங்கத்திற்கு மூன்றாண்டுத் தொண்டைக் காட்டுவது கடினம். இரவுப் பள்ளியோ படிப்பகமோ நடத்தி வந்த சங்கத்திற்கு அது எளிது.

ஆயினும், இவ்வட்டார உபாசகர் உடனே சொந்த நிலையம் கேட்டல் வேண்டா என்பது எம் கருத்து. சமுதாய வானொலிக்கு அனுமதிக்கப்படும் ஆற்றல் 100 வாட். கோபுரம் 30 மீட்டருக்கு மேற்படலாகாது. ஒலி சென்று சேரும் தொலைவு பத்து முதல் பதினைந்து கிலோமீட்டரே. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே சாலை வழி எழுபது கிலோமீட்டர் அளவில் உண்டு. பண்பலை ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வதாகலின், சேஷாசலக் குன்றுகள் குறுக்கிட்டால் மறுபுறம் ஒன்றும் கேளாது. ஒரு கோபுரம் இரு நகரங்களுக்கும் பயன்படாது; இரண்டு கோபுரம் எழுப்பப் பொருளில்லை. முதலில் வாரம் அரைமணி நேர நிகழ்ச்சி ஒன்றை ஒலிப்பதிவு செய்து, இடந்தரும் நிலையங்களுக்கு அளிப்பதும், அதையே கைப்பேசி வழியாகச் சேரிதோறும் அனுப்புவதும் தகும்.

இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு தெலங்காணத்தில் உண்டு. சாகிராபாத்தை அடுத்த மாச்சனூர் என்னும் சிற்றூரில் தலித் உழவுப் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' 2008 அக்டோபர் 15-இல் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. கல்வி நிலையம் சாராத சமுதாய வானொலிகளுள் இந்தியாவில் முதலாவது அதுவே. டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்னும் நிறுவனத்தின் மகளிர் சங்கங்கள் அதன் தாய். யுனெஸ்கோவின் உதவியோடு 1998 அளவிலேயே ஒலிப்பதிவுக் கூடம் அமைந்துவிட்டது. உரிமமோ பத்தாண்டுகள் கழித்தே வந்தது. அப்பத்தாண்டுகளும் அப்பெண்கள் வாளா இருந்தாரில்லை. விதை, மழை, மருந்து, பாட்டு, வழக்கு ஆகியவற்றை ஒலிநாடாவிற் பதிந்து, சங்கக் கூட்டங்களில் அனைவரும் கூடியிருந்து கேட்டனர். கேட்டதைப் பற்றி விவாதித்தனர். உரிமம் கிடைத்த நாளில் அவர்களுக்குப் புதிதாய்க் கற்கவேண்டியது மிகுதியாக இல்லை. நம்மவர் இதிற் கொள்ளவேண்டுவது, பேசுவோரும் கேட்போரும் ஒரே மக்களாக இருந்தமையே. படித்த ஒருவர் அரைமணி நேரம் உபதேசம் செய்ய, ஏனையோர் வாய்மூடிக் கேட்கும் ஏற்பாட்டை அவர்கள் விரும்பவில்லை. நம் சங்கங்களில் அந்நோய் உண்டு; வானொலி அதனைப் பெருக்கிவிடக் கூடும்.

எதைப் பேசுவது? தேரகாதையிற் சுனீதர் வரலாறு உண்டு. இராசகிருகத்தில் தாழ்ந்த குடியிற் பிறந்து, வாடிய மலர்களை வாரி அகற்றும் தொழில் செய்தவர் அவர். பகவன் வரக்கண்டு சுமையை இறக்கி வைத்து வணங்கினார். அன்றே துறவு பெற்றார். பின்னர்ப் பலரும் வணங்கும் அருகத்தானார். நாள்தோறும் மலைமலையாய் மலர் குவியும் திருப்பதியில் இவ்வரலாற்றை விளக்க உரையாசிரியர் வேண்டுமா? வீதி பெருக்கும் ஒருவரை அழைத்து, விடியற்காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், கையுறை கிடைக்கிறதா, ஒப்பந்தக்காரர் என்ன கூலி தருகிறார் என்று கேட்டு, அவர் குரலோடு சுனீதர் வரலாற்றைச் சேர்த்தால் அதுவே ஒரு பாடம். அதனோடு, கையால் மலமள்ளுவிப்பதைத் தடுக்கும் சட்டங்கள் 1993-இலும் 2013-இலும் வந்ததையும், அக்கொடுமைக்கெதிராக உழைத்து 2016-இல் மகசேசே விருது பெற்ற பெஜவாடா வில்சன் தங்கவயலிற் பிறந்தவர் என்பதையும் கூறலாம்.

சிகாலோவாத சூத்திரம் மற்றொரு சுரங்கம். தந்தை சொற்படி ஆறு திசைகளையும் கும்பிட்டு நின்ற இளைஞனுக்கு, திசை என்பது மனித உறவே என்று பகவன் விளக்கினார். ஏவலரும் தொழிலாளரும் கீழ்த்திசை. வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயிற் கவனிப்பு, அரிய பண்டத்தில் பங்கு, உரிய காலத்தில் ஓய்வு ஆகிய ஐந்தும் தலைவன் அவர்க்குச் செய்யும் கடமைகள். இவ்வைந்தையும் ஐந்து வாரங்களுக்குப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் இன்றைய தொழிற்சட்டம் கூறுவதை ஒரு வழக்கறிஞரைக் கொண்டு விளக்கினால் மாவுமில்லுத் தொழிலாளியும் கேட்பார், அவருடைய முதலாளியும் கேட்பார்.

நம்மவர் அறியாது இழக்கும் உரிமை ஒன்றையும் வானொலி எடுத்துரைத்தல் வேண்டும். 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியற் சாதியினராகக் கொண்டது. 1956-இற் சீக்கியரும், 1990-இற் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். பௌத்தம் தழுவினால் சலுகை போய்விடும் என்னும் அச்சத்தால், வீட்டில் திரிசரணம் சொல்லி அலுவலகப் படிவத்தில் வேறு சமயம் எழுதுவோர் உண்டு. பொய்யாமை என்னும் நான்காம் சீலத்தை அவர்க்குப் போதிப்பதற்கு முன்னர், 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தெரிவிப்பதே கருணை.

சமுதாய வானொலி தானாகச் செய்தி ஒலிபரப்பலாகாது. ஆகாசவாணியின் செய்தியைத் திரிக்காமல் அளிக்கலாம் என்பது விதி. இது ஒரு குறையே, மறுப்பதற்கில்லை. எனினும் அதற்குள்ளும் செய்யக்கூடியது மிகுதி. 2015 ஏப்ரல் 7-இல் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறப்பட்ட இருபது தமிழர் காவற் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். தாக்கப்பட்டதால் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதனை ஏற்கவில்லை. இவ்வழக்கைச் செய்தியாகப் பேச நமக்கு அனுமதியில்லை. ஆனால் தரகர் முன்பணம் கொடுத்து மலைவாழ் ஏழைகளை அழைத்து வரும் முறையையும், கைதானவருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டென்பதையும், கொல்லாமை என்னும் முதற் சீலம் இருதரப்பாருக்கும் உரியதென்பதையும் பேசுவதற்குத் தடையேது?

பிற சமயத்தாரின் உணர்வைப் புண்படுத்தலாகாது, சமய உணர்ச்சியைச் சுரண்டலாகாது என்பதும் அவ்விதிகளில் உண்டு. சிலர் இதனை வாய்ப்பூட்டு என்பர். காலமறிந்து, மெய்யாக, மென்மையாக, பயனுள்ளதாக, அன்புள்ளத்தோடு பேசுக என்று அங்குத்தர நிகாயம் நமக்கு முன்னரே வகுத்திருக்க, அரசின் விதி நமக்குச் சுமையாவது எங்ஙனம்? திருப்பதியில் இது பெரிதும் கருதத்தக்கது. மலைக்கோயில் ஒரு காலத்திற் பௌத்தத் தலமாயிருந்தது என்று ஜமனாதாஸ் 1991-இல் நூல் எழுதினார். அவ்வாதம் ஆராய்ச்சியாளர் அவையில் நடக்கட்டும். நமக்குக் கிடைத்த அரைமணியை அதிற் செலவிட்டால், கேட்பவர் பாதிப்பேர் சினந்து வானொலியை நிறுத்துவர். மீதிப்பேர் வென்றுவிட்டோம் என்று களிப்பர். அவ்வமயம் வீதி பெருக்குபவரின் கையுறையைப் பற்றிக் கேட்பார் ஒருவரும் இரார். அநீதியைச் சொல்லாமல் மழுப்புக என்பது இதன் பொருளாகாது. செயலைக் கண்டிக்கலாம், வணங்குவோரை இகழ்தல் வேண்டா.

மொழியைப் பற்றிச் சிறிது. வேதியர் குலத்துப் பிறந்த யமேளர், தேகுலர் என்னும் இரு பிக்குகள், பல குலத்தாரும் தத்தம் பேச்சால் புத்த வாக்கைக் கெடுக்கின்றனர் என்று முறையிட்டு, அதனைச் சந்தஸில் அமைக்க இசைவு கேட்டனர். பகவன் அவர்களைக் கடிந்து மறுத்தார் என்று சுல்லவக்கம் கூறும். அவர் அனுமதித்தது மகத மொழியை என்று புத்தகோசர் உரை கொண்டார். அவரவர் சொந்த மொழியை என்று பிற்கால அறிஞர் பலர் கொள்வர். எம்மனோர்க்குப் பின்னதே பொருந்துவதாகத் தோன்றுகிறது. நகரிப் பக்கத்துத் தமிழில் தெலுங்கு கலந்திருக்கும். அதனைத் திருத்தப் புகுதல் வேண்டா. நிகழ்ச்சியின் ஒரு பகுதி தெலுங்கிலேயே இருத்தலும் நன்று, அண்டை வீட்டார் தெலுங்கர் ஆகலின்.

முதல் அரைமணிக்கு ஓர் ஏற்பாடு கூறுவோம். பாலியில் திரிசரண பஞ்சசீலம் ஓர் இளம்பிள்ளையின் குரலில். அதன் பொருளைக் கூலிவேலை செய்யும் ஒரு தாய் தம் சொற்களிற் கூறுதல். பத்து நிமிடம் தொழிலாளி ஒருவரோடு உரையாடல். ஐந்து நிமிடம் சட்ட விளக்கம். ஐந்து நிமிடம், உட்கார்ந்த இடத்திலேயே மூச்சைக் கவனிக்கும் பயிற்சி. எஞ்சிய நேரம் கேட்போர் வினாவிற்கு. முதல் வாரத்தில் வினா ஒன்றும் வந்திராது. அதற்காகத் தாமே வினாவைக் கற்பித்துக் கொள்ளாமல், அந்நேரத்தில் பறையிசை ஒலிக்கட்டும். பதிவைப் படிப்பகத்திற் பலரும் கூடிக் கேட்டபின்னரே வெளியே அனுப்புக. பேசியவர் வேண்டாமென்று சொல்லும் பகுதியை நீக்கிவிடுக. நிலையங்கள் தம் ஒலிபரப்பை மூன்று மாதம் காத்து வைத்தல் வேண்டுமென்பது விதி. நம் சங்கத்தார் ஒரு படியைத் தம்மிடமும் வைத்துக் கொள்வாராக.