வட்டாபுளுவ: ஓர் ஆற்றங்கரை, இரு வரலாறுகள்

கண்டி நகரின் வடக்கே, மகாவலி கங்கைக் கரையில் அமைந்திருப்பது வட்டாபுளுவ. இன்று வீடுகள் நிறைந்த இவ்விடம் அன்று ஒரு தோணித்துறை.

மகாவலி கண்டியை மூன்று புறமும் சூழ்ந்தோடுகிறது. பாலங்கள் இல்லாத மன்னர் காலத்தில் அது நகருக்கு இயற்கை அகழியாக விளங்கியது. துறைகளைக் காத்தால் நகரையும் காக்கலாம். இதைப் பிரித்தானியர் 1803இல் நேரில் உணர்ந்தனர். அவ்வாண்டு பெப்ரவரியில் அவர்கள் கண்டியைக் கைப்பற்றினர். ஆனால் மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அகப்படவில்லை. நகரில் தங்கிய படையை நோய் வாட்டியது. ஜூன் 24இல் சரணடைந்த மேஜர் டேவி, திருகோணமலை நோக்கிப் புறப்பட்டார். வட்டாபுளுவவில் ஆறு பெருக்கெடுத்து ஓடியது, கடக்க வழியில்லை. இரு நாட்களின் பின் அப்படையினர் பலர் அங்கே கொல்லப்பட்டனர். படையிலிருந்த மலாய் வீரர் பலர் கண்டியர் பக்கம் சேர்ந்தனர்.

பாடநூல்களில் நாம் படிப்பது இதனையே. அதே இடத்துக்கு இன்னொரு வரலாறும் உண்டு.

1950களின் பிற்பகுதியில் அங்கே அரச ஊழியருக்கான வீடமைப்புத் திட்டம் எழுந்தது. ஏறத்தாழ 250 வீடுகள். வடிவமைத்தவர் கண்டியில் 1918இல் பிறந்த மினெட் டி சில்வா. இலங்கையின் முதல் பெண் கட்டிடக் கலைஞர். வரைபடத்தைக் கீறிவிட்டு "இதில் குடியிருங்கள்" என்று அவர் சொல்லவில்லை. குடிவரவிருந்த குடும்பங்களிடம் முதலில் கேள்விகள் கேட்டார்: எப்படி வாழ்கிறீர்கள், உங்களுக்கு என்ன தேவை? அவர்கள் பல இனத்தவர், பல சமயத்தவர். கிடைத்த பதில்களுக்கேற்பப் பல வகை வீடுகளை அமைத்தார். 1958இல் நாட்டில் இனக் கலவரம் மூண்டதை நினைத்துப் பார்த்தால், அக்கேள்விகளின் பெறுமதி விளங்கும். ஒருவரது அடுப்பங்கரையைப் பற்றிக் கேட்பதும் அவரை மதிப்பதன் அடையாளமே.

போருக்கு ஆண்டும் திகதியும் உள்ளன. வீடு கட்டியவர்களின், அதில் குடும்பம் நடத்திய பெண்களின் வரலாறோ பெரும்பாலும் பேச்சோடு போய்விடுகிறது.

மாணவியரே, உங்கள் தெருவுக்கு முதலில் வந்தோர் யார், ஏன் வந்தனர், தண்ணீர் எங்கே எடுத்தனர் என்று உம்மம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் கேட்கும்போது நேரம் ஒதுக்கிச் சொல்லுங்கள். இன்று எழுதாதது நாளை எவருக்கும் தெரியாது.