நாலு வரி அசெம்பிளியில் என்ன பிழை வந்துவிடும்?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடப்பவர்களின் சட்டைப் பைகளில் ஆண்ட்ராய்டு போன்கள் இருக்கும். திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சப்படுத்த, அவற்றின் பிராசசர் கோர்களுக்கு மின்சாரம் நிறுத்தப்படும். ஆர்ம் சில்லுகளில் லினக்ஸ் கெர்னல் அதற்குப் பாதுகாப்பு ஃபர்ம்வேரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடும் நிரல் சில வரி அசெம்பிளிதான். அதைச் சரிபார்ப்பது பற்றித்தான் எத்தனை நம்பிக்கைகள்!

நம்பிக்கை: கெர்னலுக்கு மேலே யாரும் இல்லை.

உண்மை: 64 பிட் ஆர்மில் அதிகாரத்துக்கு 0 முதல் 3 வரை நான்கு படிகள். செயலிகள் 0-இல், கெர்னல் பெரும்பாலும் 1-இல், ஃபர்ம்வேர் மானிட்டர் 3-இல். சந்நிதிக்குள் அர்ச்சனைத் தட்டை நீட்டுவதுபோல, எக்ஸ்0 ரெஜிஸ்டரில் சேவை எண்ணையும் அடுத்தவற்றில் விவரங்களையும் வைத்து 'எஸ்எம்சி' கட்டளை கொடுக்கலாம். கெர்னலால் உள்ளே நுழைய முடியாது.

நம்பிக்கை: தவறு இருந்தால் கம்பைலர் காட்டிக்கொடுக்கும்.

உண்மை: சி நிரலுக்குள் எழுதும் இன்லைன் அசெம்பிளிக்குள் நடப்பதைக் கம்பைலர் ஆராய்வதில்லை. எந்த ரெஜிஸ்டர்கள் கலையும் என்று எழுதியவர் தரும் பட்டியலை அப்படியே நம்பும். ஆர்ம் அழைப்பு விதிமுறையின் 1.0 பதிப்பில் எக்ஸ்4 முதல் எக்ஸ்17 வரையுள்ள ரெஜிஸ்டர்களையும் ஃபர்ம்வேர் கலைத்துவிடலாம். 2018 ஜனவரியில் பிராசசர்களின் ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை அம்பலமானது. அதற்கான தடுப்பு அழைப்பு அடிக்கடி தேவைப்பட்டதால், அந்த ரெஜிஸ்டர்களைக் கலைக்காத, செலவு குறைந்த 1.1 பதிப்பு வந்தது. 1.1-க்கான பட்டியலை வைத்துக்கொண்டு 1.0 மட்டுமே அறிந்த ஃபர்ம்வேரைக் கூப்பிட்டால், கம்பைலர் எக்ஸ்9-இல் போட்டுவைத்த மதிப்பு காணாமல் போகலாம்.

நம்பிக்கை: சோதனையில் ஓடினால் போதும்.

உண்மை: 2018 ஆகஸ்டில் கெர்னல் நிரலாளர் மார்க் சிங்கியர் லினக்ஸில் திருத்திய குறை இதற்குப் பதில். 1.1 அழைப்புக்கான மேக்ரோவில் ஒரு விவரத்தின் இடத்தில் வேறொரு ஃபங்ஷனை எழுதினால், அது தன் விடையை எக்ஸ்0-இல் வைக்கும்; அங்கே இருக்க வேண்டிய சேவை எண் அழியும்; ஃபர்ம்வேரில் வேறு ஏதோ ஒரு சேவையின் கதவு தட்டப்படும். வெறும் எண்களைக் கொடுத்துச் சோதிப்பவருக்கு இது தெரியவே தெரியாது. விவரங்களை முதலில் கணக்கிட்டுத் தற்காலிக மாறிகளில் வைத்துவிட்டு, பிறகு ரெஜிஸ்டர்களை நிரப்புவதே திருத்தம்.

நம்பிக்கை: ஆர்ம் தெரிந்தவருக்கு எல்லாச் சில்லும் ஒன்றுதான்.

உண்மை: சென்னை ஐஐடியின் 'சக்தி' பிராசசர் ரிஸ்க்-ஃபைவ் வகை; 2018-இல் அதில் லினக்ஸ் பூட் ஆனது. இந்த வகையில் கெர்னல் ஃபர்ம்வேரைக் கூப்பிடுவதும், செயலி கெர்னலைக் கூப்பிடுவதும் 'ஈகால்' என்ற ஒரே கட்டளையால்தான். ஃபர்ம்வேர் அழைப்புக்கான எஸ்பிஐ விதிமுறையில், 0.2 பதிப்பு முதல், சேவையைக் குறிக்கும் எண்கள் ஏ7, ஏ6 ரெஜிஸ்டர்கள் இரண்டிலும் போகும். ஏ0, ஏ1 தவிர மற்றவை கலையாமல் திரும்பும். ஆர்ம் பழக்கத்தில் முதல் ரெஜிஸ்டரில் விடையைத் தேடுபவர் அங்கே 0 இருப்பதைப் பார்த்து, விடை பூஜ்யம் என்று எடுத்துக்கொள்வார். அந்த 0 'பிழை இல்லை' என்பதற்கான குறி. விடை ஏ1-இல் இருக்கிறது.