குழி வெட்டும் முன்

அன்புள்ள இளம் மண்ணியலாளருக்கு,

அன்டார்க்டிகாவின் மக்முர்டோ உலர் பள்ளத்தாக்குகளுக்கு முதன்முறை கிளம்புகிறவர்கள் மண்வெட்டியையும் மாதிரிப் பைகளையும்தான் முதலில் மூட்டை கட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அங்கே குழி வெட்டுவது கடினம். வெட்டிய தடத்தை மறைப்பது அதைவிடக் கடினம்.

1903 டிசம்பரில் ராபர்ட் ஸ்காட் இரண்டு தோழர்களோடு டெய்லர் பள்ளத்தாக்கில் இறங்கினார். ஒரு சீலின் எலும்புக்கூடு கண்ணில் பட்டது. உயிருள்ள எதுவும் படவில்லை. செத்துப்போன பள்ளத்தாக்கு என்று முடிவுகட்டிவிட்டார். அதே பள்ளத்தாக்கின் மண்ணில் ஸ்காட்நீமா லிண்ட்சேயே என்ற நூற்புழு வாழ்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத உயிர். ஈரம் வற்றினால் தன் உடல் நீரையெல்லாம் இழந்து சுருண்டு கிடக்கும். ஈரம் திரும்பினால் மறுபடி நெளியும். மண் சூழலியலாளர் டயானா வால் தன் ஆய்வு வாழ்வின் பெரும் பகுதியை இந்தப் புழுக்களின் பின்னால் செலவிட்டார். ஸ்காட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, அவரிடம் நுண்ணோக்கியும் நேரமும் இல்லை. உங்களிடம் இரண்டும் இருக்கும்.

கிழக்கு அன்டார்க்டிகாவின் பனிப்பாளத்தை மலைத்தொடர் தடுத்து நிறுத்த, பீடபூமியிலிருந்து சரிந்து வரும் வறண்ட காற்று பெய்த பனியை உருகவிடாமலே ஆவியாக்கிக்கொண்டு போகிறது. நீராகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டருக்கும் குறைவான பொழிவு. மழை கழுவாத மண்ணில் உப்பு எங்கே போகும்? காற்றில் வந்து படியும் நைட்ரேட்டும் சல்ஃபேட்டும் லட்சக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. நியூசிலாந்தின் கேம்ப்பெல், கிளாரிட்ஜ் இருவரும் பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காகக் குழி வெட்டி, உப்பு எந்த ஆழத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை வைத்தே நிலப்பரப்புகளின் முதுமையை ஒப்பிட்டார்கள். அங்கே சிறுநீரைக்கூடக் குடுவையில் பிடித்துத் திரும்ப எடுத்துவர வேண்டும் என்ற விதியைக் கேட்டு முதலில் சிரிப்பு வரலாம். மழையே இல்லாத இடத்தில் ஊற்றிய நைட்ரஜனை எது கழுவும்?

உறைநிலமும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. கடலோரம் சில பத்து சென்டிமீட்டர் வெட்டினாலே பனிக்கட்டியால் பிணைந்த மண் வந்துவிடும். மண்வெட்டி சிமென்ட் தளத்தில் பட்டதுபோல் துள்ளும். உயரத்தில் இருக்கும் யுனிவர்சிட்டி பள்ளத்தாக்கிலோ அந்தக் கெட்டி மண்ணுக்கு மேலே ஆண்டு முழுக்கப் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே கிடந்தும் துளிப் பனிக்கட்டி இல்லாத உலர்ந்த மண் இருக்கிறது. பனி அங்கே நீராவதில்லை, நேரே ஆவியாகிவிடுகிறது. 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாயில் கிளறிய நிலத்தைப் புரிந்துகொள்ள விஞ்ஞானிகள் இங்கே வருவது அதனால்தான். யுனிவர்சிட்டி பள்ளத்தாக்கின் உறைநிலத்தில் செயல்படும் நுண்ணுயிருக்கான அடையாளம் எதுவும் தென்படவில்லை என்று 2016இல் ஓர் ஆய்வுக் குழு எழுதியது. உங்கள் குழியிலும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். எந்தக் கருவியால், எந்த அளவு வரை தேடினீர்கள் என்பதோடு அதையும் அப்படியே எழுதுங்கள்.

நீங்கள் அளந்து எழுதியதைப் பிறர் கூட்டிப் படிக்கும் ஆபத்தும் இருக்கிறது. 1986 முதல் 2000 வரை இந்தப் பள்ளத்தாக்குகள் பத்தாண்டுக்கு 0.7 டிகிரி குளிர்ந்தன என்று பீட்டர் டோரனும் சகாக்களும் 2002இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். அளவு சரியானதுதான். ஆனால் புவி வெப்பமடைவதை மறுப்பவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். டோரன் 2006இல் நாளிதழில் எழுதி, தன் ஆய்வு அப்படிச் சொல்லவில்லை என்று விளக்க வேண்டியதாயிற்று. வேடிக்கை என்னவென்றால், நேச்சர் கட்டுரை வெளிவந்த கோடையிலேயே பனியாறுகள் உருகி, ஓடைகள் பெருக்கெடுத்து, ஏரிகள் உயர்ந்தன.

எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்றும் நம்பிவிடாதீர்கள். சுமார் 250 ஆண்டுகளாக உலர்ந்து கிடந்த ஒரு சீல் உடலை ஆய்வாளர்கள் வேறிடத்துக்கு நகர்த்தி வைத்தார்கள். புதிய இடத்தின் மண் நுண்ணுயிர்க் கூட்டம் சில ஆண்டுகளுக்குள்ளேயே மாறிவிட்டது. பலகோண நிலத்தின் கதையோ நேர் எதிர். குளிரில் தரை பலகோணங்களாக வெடிக்கும், வெடிப்பில் மணல் விழும், பள்ளம் அகலும். 1960களில் பிளாக், பெர்க் என்ற இருவர் இந்த வெடிப்புகளின் இரு பக்கமும் எஃகுக் கம்பிகளை நட்டு இடைவெளியை அளந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து வேறு ஆட்கள் அதே கம்பிகளைத் தேடிப்போய் மறுபடி அளந்தார்கள். அகலம் கூடியது ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவிலோ அதற்கும் குறைவாகவோதான். புதுக் குழியைவிடப் பழைய கம்பியைத் தேடுவதே சிறந்த வேலை என்று தோன்றும் நாளும் உங்களுக்கு வரும்.

வெட்டியே ஆக வேண்டுமென்றால் மேலே பாவிக் கிடக்கும் கற்களை முதலில் எடுத்து விரிப்பில் அடுக்குங்கள். ஒவ்வோர் அடுக்கு மண்ணையும் தனித்தனியே குவித்து, அதே வரிசையில் திருப்பிப் போடுங்கள். கல்லின் உப்புப் படிந்த வெள்ளைப் பக்கம் கீழே போக வேண்டும். நடப்பதற்கு ஏற்கெனவே உள்ள தடம் போதும். புதிய காலடி பல பத்தாண்டுகள் அழியாது.

குழியின் இடம், கெட்டி மண் தட்டுப்பட்ட ஆழம், தேதி, கருவி எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவீர்கள். பிளாக்கும் பெர்க்கும் நட்ட கம்பிகளை அளக்க ஓர் அளவுகோல் போதுமாக இருந்தது. உங்கள் கோப்பை 2060இல் எந்த மென்பொருள் திறக்குமோ! காகிதத்தில் ஒரு பிரதி இருக்கட்டும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை உறைந்துபோகும்.