ஷட்டரின் பாரத்தைச் சுமப்பது எது?

வீட்டுக்கடன் கோரி நம் கிளைகளுக்கு வரும் வரைபடங்கள் பலவற்றில், கீழ்த்தளத்தின் முகப்பில் காருக்கென்றோ சிறு கடைக்கென்றோ ஓர் அறை ஒதுக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அதன் வாயிலில் பெரும்பாலும் இரும்பு ஷட்டர்தான். வீட்டின் மற்றக் கதவுகளைத் தேர்ந்தெடுக்க நாள்கணக்கில் அலையும் உரிமையாளர், இந்த ஷட்டரை மட்டும் ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார். பொருத்தியபின் அதைப் பற்றி நினைப்பதும் இல்லை. ஒருநாள் அது ஏற மறுக்கும்வரை.

முதலில் ஒரு சிறு கணக்கு. 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 9.4 கிலோ எடை உள்ளது. 3 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் கொண்ட வாயிலுக்கு அந்தத் தகட்டால் ஷட்டர் செய்தால் எடை 70 கிலோவுக்குக் குறையாது. பட்டைகள் வளைந்து ஒன்றோடொன்று கோத்திருப்பதாலும், அடியில் கனத்த சட்டம் இருப்பதாலும் உண்மை எடை அதற்கும் மேலே போகும். இவ்வளவு பாரத்தை ஒருவர் ஒரு கையால் தள்ளி ஏற்றுகிறார் என்றால் வலிமை அவர் கையினுடையதாக இருக்க முடியாது. மேலே மூடிக்குள் மறைந்திருக்கும் சுருள்வில்தான், கடைத்தெருவில் ஸ்பிரிங் என்று சொல்லப்படுவதுதான், அந்தப் பாரத்தைச் சுமக்கிறது.

அதன் வேலைமுறை எளியது. சுவரின் இருபுறமும் தாங்கிகளில் கிடக்கும் குழாய்த் தண்டின்மேல் இரண்டோ மூன்றோ அதற்கு மேலோ சுருள்வில்கள் இருக்கும். ஒரு முனை அசையாத தண்டோடும், மறுமுனை ஷட்டரைச் சுருட்டும் சக்கரத்தோடும் பிணைந்திருக்கும். ஷட்டரை இறக்கும்போது சுருள்வில் முறுக்கேறுகிறது. ஏற்றும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து நமக்கு உதவுகிறது. ஷட்டர் முழுதும் இறங்கியிருக்கையில் தொங்கும் எடை மிகுதி, முறுக்கும் மிகுதி. அது ஏறி மேலே சுருளச் சுருளத் தொங்கும் எடை குறைகிறது, முறுக்கும் அதற்கிசையக் குறைகிறது. நல்ல மிஸ்திரி பொருத்திய ஷட்டர் பாதி உயரத்தில் விட்டாலும் நிற்பது இந்த ஒப்புரவால்தான். முழுதும் திறந்த நிலையிலும் முறுக்கு முற்றாக அவிழ்வதில்லை; சில சுற்றுகள் எஞ்சியே இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; காரணம் பின்னர் வரும்.

முறுக்குவதும் அவிழ்வதுமாக ஒவ்வொரு முறையும் எஃகு சற்றே களைக்கிறது. கார்க் கொட்டகைக் கதவுகளுக்கான சாதாரணச் சுருள்வில்லுக்கு 10,000 முறை ஏற்றி இறக்குவதையே ஆயுளாகக் கொள்வது அத்தொழிலின் வழக்கு. நாளுக்கு இருமுறை திறந்து மூடும் வீட்டில் ஆண்டுக்கு 730 முறை. கணக்குப்படி பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் தாங்க வேண்டும். சரக்கு வந்தும் போயும் நாளுக்குப் பத்து முறை திறக்கும் கிடங்கில் அதே சுருள்வில் மூன்று ஆண்டுகூட நிற்காது. ஆனால் இது துருவைச் சேர்க்காத கணக்கு. சுருள்வில் முறியத் தொடங்குவது பெரும்பாலும் அதன் மேற்பரப்பில். துரு அரித்த ஒரு சிறு குழியே விரிசலுக்கு வாசலாகிறது. ஆகவே மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி போன்ற கடற்கரை நகரங்களில் இருப்போர் பதின்மூன்று ஆண்டு என்ற எண்ணை நம்பி அமைதி கொள்ளலாகாது.

நம் கிளை ஒன்றில் நிகழ்ந்ததை இங்கே சொல்வது தகும். அங்கே காலையில் ஷட்டரை ஏற்றுவது காவலர் ஒருவரின் வேலையாக இருந்தது. சிறிது காலத்தில் அது இருவர் வேலையாயிற்று. உதவியாளரும் வந்து தோள் கொடுத்தார். எவரும் அதைக் குறையாக எழுதி வைக்கவில்லை. மழைக்காலத்தில் இரும்பு கனப்பது இயல்பு என்றுகூட ஒருவர் விளக்கம் தந்தாராம்! சில மாதங்கள் சென்றபின் ஒரு மாலை மூடும்போது, மேலே வெடி வெடித்ததுபோல் ஓர் ஓசை. அடுத்த கணம் ஷட்டர் கைகளைவிட்டு இறங்கித் தரையில் மோதியது. காவலர் காலைப் பின்னிழுத்துக்கொண்டதால் தப்பினார். வாசற்படியின் விளிம்பு பெயர்ந்து போயிற்று. மூடியைத் திறந்து பார்த்தபோது மூன்று சுருள்வில்களில் இரண்டு முறிந்திருந்தன. ஒன்றின் முறிவு வெள்ளி போல் பளபளத்தது. அது அன்றைய முறிவு. மற்றொன்றின் முறிவில் செந்துரு படிந்திருந்தது. அதாவது, உதவியாளர் தோள் கொடுக்கத் தொடங்கிய நாளிலேயே அது முறிந்து போயிருக்க வேண்டும்.

ஷட்டர் கனக்கிறது என்று கை சொன்னால் அதுவே முதல் எச்சரிக்கை. இன்னோர் ஆளைச் சேர்த்துக்கொள்வது அதற்கு விடையாகாது. ஒரு சுருள்வில் முறிந்தால் அதன் பங்கையும் மற்றவை சுமக்கின்றன. அவற்றின் ஆயுளும் விரைவில் தீர்கிறது. மோட்டார் வைத்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை கேட்பதே இல்லை. சுருள்வில்லோடு இணைந்து இயங்கும் மோட்டார்கள், சுருள்வில் தளர்ந்தபின் முழுப் பாரத்தையும் வாய் திறவாமல் இழுத்துச் சூடேறி, ஒருநாள் எரிந்து போகின்றன. பக்கவாட்டு மோட்டாரும் சங்கிலியும் தாங்கும் பெரிய ஷட்டர்கள் சிலவற்றில் சுருள்வில்லே இராது. உங்களுடையது எவ்வகை என்பதைப் பொருத்தியவரிடம் ஒருமுறை கேட்டறிந்து கொள்ளுங்கள்.

கையால் ஏற்றும் ஷட்டரை மாதம் ஒருமுறை சோதிக்கலாம். குழந்தைகளை விலக்கிவிட்டு, காலை அடிச்சட்டத்துக்கு நேர்கீழே வையாமல், முதலில் முழங்கால் உயரத்துக்கு ஏற்றிப் பிடியைச் சற்றே தளர்த்திப் பாருங்கள். பின்னர் இடுப்பளவில் அவ்வாறே செய்யுங்கள். நின்றால் நலம். கீழே இழுத்தால் சுருள்வில் தளர்ந்துள்ளது. தானே மேலே பாய்ந்தால் முறுக்கு மிகுதி. ஒருபுறம் உயர்ந்தும் மறுபுறம் தாழ்ந்தும் ஏறினால் ஒரு பக்கச் சுருள்வில்லில் குறையிருக்கலாம், அல்லது சேனல் வளைந்திருக்கலாம்.

வீட்டார் செய்யக்கூடிய பராமரிப்பு சிறிது. பக்கச் சேனல்களில் சேரும் மண்ணைத் தூரிகையால் துடைத்து, மெல்லிய மெஷின் எண்ணெயைத் தடவி, மிகுதியைத் துணியால் ஒற்றி எடுத்தால் போதும். கெட்டியான கிரீஸை அப்புவோர் உண்டு. தூசி மிகுந்த ஊர்களில் அது புழுதியோடு குழைந்து உப்புத்தாள் போல் அரைக்கும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் மிஸ்திரியை அழைத்து மேல்மூடியைத் திறக்கச் செய்து, சுருள்வில்லுக்கு எண்ணெய் இடுவதோடு முறிவு உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் துருவைத் தடுக்கும். தளர்ந்த சுருள்வில்லுக்கு இளமையைத் திருப்பித் தராது. மற்றொன்று: அடிப்பட்டைகள் துருப்பிடித்தன என்று மேலே புதுத் தகட்டை வெல்டிங் வைத்துவிடுகிறோம். பழைய எடைக்கு அளந்த சுருள்வில் இந்தப் புது எடையை எவ்வாறு தாங்கும்?

தண்டையும் தாங்கியையும் வீட்டார் தொடலாகாது. ஷட்டர் திறந்திருந்தாலும் முறுக்கு எஞ்சியிருக்கும் என்றோம் அல்லவா? தாங்கியின் போல்ட்டைக் கழற்றியவுடன் அந்த முறுக்கு முழுதும் ஒரு நொடியில் விடுபட்டுத் தண்டைச் சுழற்றும். விரலும் மணிக்கட்டும் முறிவது இவ்வாறுதான். அதற்குரிய கருவியும் பழகிய கையும் உள்ளவரே இதைச் செய்யத் தக்கவர்.

அவரிடமும் சிலவற்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். தளர்ந்த சுருள்வில்லை இன்னும் ஒரு சுற்று முறுக்கிவிட்டுப் போவது மலிவான வழி. சில வாரம் நன்றாக ஓடும், பின்னர் முன்னிலும் விரைவில் முறியும். முறிந்த முனையை வெல்டிங் வைப்பது அதனினும் கேடு. அந்தச் சூட்டில் எஃகின் பதம் கெட்டுவிடும். முறிந்த ஒன்றை மட்டும் மாற்றாமல் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றுவதே முடிவில் சிக்கனம். கம்பியின் தடிமன், நீளம், சுற்றின் திசை ஆகியவை பழையதோடு ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். மத்தியப் பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலில் 27.5 செ.மீ. நீளமுள்ள கம்பிச் சுருள்வில் குறிப்பிடப்படுகிறது; அது ஐ.எஸ். 4454 தரத்துக்கு இணங்க இருக்க வேண்டும் என்பது அங்குள்ள நிபந்தனை. 10 சதுர மீட்டரைத் தாண்டும் ஷட்டருக்குச் சங்கிலி இயக்கமும் அதில் தனியே குறிக்கப்பட்டுள்ளது. ஷட்டர் முழுமைக்கும் உரிய இந்தியத் தரம் ஐ.எஸ். 6248. விலைப்புள்ளியில் இவ்வெண்களை எழுதித் தருமாறு கேட்டால், எதிரே நிற்பவர் எத்தகையவர் என்பது தெரிந்துவிடும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். தேய்மானத்தால் வரும் பழுதைக் காப்பீடு ஏற்பதில்லை. ஆகவே சிறு தொகையிலான தொடர் வைப்பு ஒன்றை ஷட்டருக்கும் நீரேற்று மோட்டாருக்குமாகச் சேர்த்தே தொடங்கி வைப்பது நல்லது. கடை வைத்திருப்போர் இன்னொன்றையும் கருத வேண்டும். திருட்டுக் காப்பீடு பொதுவாக வலிந்து உடைத்து நுழைந்ததற்கான தடயத்தைக் கேட்கும். சுருள்வில் கோணியதால் தாழ் சரியாக விழாமல், ஒருபுறம் கை நுழையும் இடைவெளியோடு மூடிய ஷட்டர் அந்தக் கேள்விக்கு எவ்விதப் பதிலையும் தராது. வாடகைக்கு விட்டிருந்தால், ஷட்டர் பழுது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

சுருள்வில் முறிந்தபின் கார் உள்ளே சிக்கிக்கொண்டால், அன்று வேறு வண்டியில் செல்லுங்கள். நான்கு பேர் சேர்ந்து தூக்கிக் கட்டையை முட்டுக் கொடுத்து, அதன் அடியில் காரை ஓட்டி வெளியே கொணர்வதை நாம் கண்டிருக்கிறோம். மிஸ்திரி வரும்வரை ஷட்டர் இறங்கியபடியே இருக்கட்டும்.