கார் ஓட்டத் தெரிந்தால் படகு ஓட்டலாமா?

இங்கிலாந்தின் கால்வாய்களில் விடுமுறைக்கு நேரோபோட் என்ற ஒடுக்கமான படகை வாடகைக்கு எடுக்க உரிமம் எதுவும் வேண்டாம். கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுச் சாவியைக் கையில் தந்துவிடுவார்கள். அகலம் 7 அடிதான். நீளமோ 70 அடி வரை போகும். 57 அடிப் படகே சுமார் 15 டன் எடை. கார் ஓட்டிப் பழகிய கைதான் இங்கே முதல் எதிரி.

"எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் திருப்பினால் போதும்" என்பார்கள். இதில் ஸ்டீயரிங் வட்டமே கிடையாது. சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் முகப்பு வலப்பக்கம் போகும். இது பத்து நிமிடத்தில் பழகிவிடும். பழகாதது வேறொன்று: படகு ஏறக்குறைய தன் நடுவில் சுழல்கிறது. முகப்பு வலப்பக்கம் திரும்பும்போது, நீங்கள் நிற்கும் பின்முனை இடப்பக்கம் வீசும். முகப்பு பாலத்துக்குள் நுழைந்துவிட்டது என்று நிம்மதியாகிற நேரத்தில்தான் பின்பக்கம் செங்கல்லில் உரசும்.

"ஆபத்தென்றால் நியூட்ரலில் போட்டுவிட்டுத் திருப்பலாம்" என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. புரொப்பல்லர் தள்ளும் நீர் சுக்கானில் படுவதால்தான் படகு சொன்னபடி கேட்கிறது. நியூட்ரலில் அந்தப் பிடி வெறும் கம்பி. ரிவர்ஸில் நிலைமை இன்னும் மோசம், முகப்பைக் காற்று இழுத்துப்போகும். பிரேக் இல்லாத வண்டியில் நிற்க ஒரே வழி, முன்கூட்டியே வேகம் குறைத்து, ரிவர்ஸில் போட்டுக் காத்திருப்பது.

வேகமும் அப்படித்தான். ஆழமில்லாத கால்வாயில் த்ராட்டிலை ஏற்றினால் பின்பக்கம் கீழே அமுங்கும், அலை கரையை அரிக்கும். படகு பெரிதாக விரைவதில்லை. உச்சவரம்பே மணிக்கு 4 மைல், வேகமாக நடக்கிற வேகம். கட்டிவைத்த படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைக்க வேண்டும். உள்ளே யாரோ அடுப்பில் கெட்டில் வைத்திருப்பார்கள். திரும்பிப் பாருங்கள்: பின்னால் அலை கரையில் உடைகிறதென்றால் அது உங்கள் வேலைதான்.

மோதப்போகிறது என்று காலை நீட்டித் தடுப்பவர்களும் உண்டு. 15 டன்னுக்கும் கருங்கல்லுக்கும் நடுவே கால் எம்மாத்திரம்? இடிக்கட்டும். பெயின்ட் அடித்துக்கொள்ளலாம்.

"லாக்குக்குள் வந்து கதவை மூடியாச்சு, இனி டீ குடிக்கலாம்" என்பதுதான் எனக்குப் பயம் தரும் நம்பிக்கை. லாக் என்பது நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும், இரு பக்கமும் கதவுள்ள தொட்டி. மேல்கதவுக்குக் கீழே தண்ணீருக்குள் ஒரு கல்திட்டு நீண்டிருக்கும், சில் என்பார்கள். கீழே இறங்கும்போது பின்முனை அதன் மேல் மாட்டிக்கொண்டால், நீர்மட்டம் குறையக் குறைய முகப்பு மட்டும் இறங்கும், படகு சாயும், நிமிடங்களில் மூழ்கிவிடும். திட்டு எங்கே முடிகிறதென்று சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். பின்முனை அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் இருக்கிறதா என்று கடைசிவரை பார்க்க ஓர் ஆள் வேண்டும். மாட்டிவிட்டால் கயிற்றோடு மல்லுக்கட்டாதீர்கள். உடனே கீழ் மதகை மூடுங்கள். பிறகு மேல் மதகை மெல்லத் திறந்து நீரை ஏற்றுங்கள்.

"தண்ணி இடுப்பளவுதானே, விழுந்தால் என்ன?" சுழலும் புரொப்பல்லருக்கு ஆழம் ஒரு பொருட்டில்லை. யாராவது விழுந்தால் அவரை நோக்கி ரிவர்ஸில் போகவே போகாதீர்கள். முதலில் நியூட்ரல், அடுத்து மிதவை வளையத்தை வீசுங்கள். அப்புறம் "எழுந்து நில்லுங்க!" என்று கத்துங்கள். பல இடங்களில் கால் தரையில் ஊன்றும்.