ஊர் கூடி இழுத்த தேர்

மாணவர்களே! கல்பாத்தித் தேரை ஒருவரால் இழுக்க இயலுமா? பலர் வடம் பிடித்தால்தான் தேர் நகரும். நிதி திரட்டுவதும் அத்தகையதே.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை, அதாவது தமிழுக்கென நிலையான பேராசிரியர் பதவி, அமைக்க 60 இலட்சம் டாலர் தேவைப்பட்டது. அங்கு வாழும் மருத்துவர்கள் ஜானகிராமனும் திருஞானசம்பந்தமும் முதலில் தாமே ஆளுக்கு 5 இலட்சம் டாலர் வழங்கினர். பின்னரே பிறரிடம் கேட்டனர். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் அளித்தது. உலகத் தமிழர் பலர் இயன்ற சிறுதொகைகளை ஈந்தனர். 2018இல் இலக்கு நிறைவேறியது.

இலக்கை வரையறுத்தல், முதலில் தாம் கொடுத்தல், சிறுதொகையையும் மதித்தல் ஆகியவை நாம் கற்பன. இப்பணியைத் தொடங்கியோர் பிறந்த மண்ணை விட்டு அகன்றவர்களே. கேரளத்தில் தமிழ் கற்கும் உங்கள் கைகளிலும் அவ்வடம் உள்ளது.

பயிற்சி: பள்ளி நூலகத்திற்குத் தமிழ் நூல்கள் வாங்க எவ்வாறு நிதி திரட்டுவீர்கள்? ஐந்து வரிகளில் எழுதுக.